முதல் இலைக்காரர்

உச்சிவெயில் தெருவின் நடுவுக்கு வருவதற்குச் சற்று முன்பாகவே எபனேசர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். இராசபாளையத்தின் தென்காசி சாலையைக் கடந்து, மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிகளின் ஓசை இருபுறமும் கேட்கும் சந்துக்குள் நுழைந்து, சுந்தரம்மாள் மெஸ்ஸை அடைவார். முன்கதவு அந்த நேரத்தில் சாத்தியே இருக்கும். அவர் பக்கவாட்டு நடை வழியாக உள்ளே போய், தொட்டித் தண்ணீரில் கை கழுவி, ஜன்னலை ஒட்டிய மேசையில் அமர்வார். அங்கிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். அய்யனார் கோவில் பக்கம் மழை இறங்கியிருக்கிறதா என்பதை அந்த ஜன்னலிலேயே தெரிந்துகொள்ளலாம். அவர் மலையைப் பார்த்து முடிப்பதற்குள், பரிமாறுகிற வீரணன் இலையை விரித்து நீர் தெளித்துவிடுவார். அதுதான் அந்த நாளின் முதல் இலை.

முதல் இலைக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுந்தரம்மாளின் மாமனார் திருவிழாப் பந்திகளுக்குச் சமைத்தவர். சமைக்கிறவர் நாவில் பண்டம் படக் கூடாது என்பது அவருடைய அடுப்படிச் சட்டம். பட்டால் அது எச்சில். எச்சிலை ஊருக்குப் பரிமாறலாகாது. கொதியின் ஓசையாலும் ஆவியின் மணத்தாலுமே பதம் அறிய வேண்டும். மாமனார் போய், அவருடைய மகனும் போய், சுந்தரம்மாள் தனியாளாக அந்த அடுப்பை மெஸ்ஸாக நடத்தத் தொடங்கிய பிறகும் சட்டம் மாறவில்லை. ஆனால் யாருமே ருசி பார்க்காமல் கதவைத் திறக்கவும் அவருக்கு அச்சமாக இருந்தது. எனவே, சமைத்தவராகவும் இல்லாமல் கல்லாவில் இருப்பவராகவும் இல்லாமல், பசியோடு வருகிற ஓர் அயலாருக்கு முதலில் இலை போட்டு, அவர் வாய்ச்சொல்லைக் கேட்ட பிறகே முன்கதவைத் திறப்பது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். முதலில் ஒரு பஞ்சு வியாபாரி அந்த இலையில் அமர்ந்தார். அவருக்குப் பிறகு எபனேசர்.

எபனேசருக்கு அந்த இடம் கிடைத்ததற்குக் காரணம் அவருடைய நாக்கு மட்டுமன்று. ஒருநாள் மோர்க்குழம்பு சற்றுத் திரிந்துபோயிருந்தது. நாலு மேசைக்குக் கேட்கும்படி அதட்டாமல், வீரணனை அருகே அழைத்து, "அண்ணாச்சி, மோர்க்குழம்பு கொதிச்சுருச்சு போல. அடுத்த இலைக்கு ஊத்தாதீய" என்று காதோடு சொல்லிவிட்டு, தம் இலையில் இருந்ததைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார். மறுநாளே சுந்தரம்மாள் அவரைப் பக்கவாட்டு வழியாக வரச் சொல்லிவிட்டார்.

ஆலங்குளத்துச் சிமெண்டு ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எபனேசர். கட்டியாக வார்த்த சிமெண்டை அழுத்தி உடைத்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்து, தேறியது, தேறாதது என்று சொல்லியே தலை நரைத்தவர். சோதிக்காத எதையும் தேறியது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் சுந்தரம்மாளின் ரசத்தையும் அணுகினார். மனைவி கிருபாபாய், மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய், குழந்தை தவழட்டும், நடக்கட்டும் என்று அங்கேயே தங்கிவிட்ட பிறகு, அந்த முதல் இலை அவருக்குச் சாப்பாடாக மட்டும் இருக்கவில்லை. அவர் சொன்னால்தான் ஒரு கதவு திறக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும்.

ஐப்பசி மழையின்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது மணத்தையும் ருசியையும் கூடவே கொண்டுபோயிற்று. பற்பசை சுண்ணாம்பாக இருந்தது. காப்பி வெந்நீராக இருந்தது. சிலருக்குத் தானாகத் திரும்பும், சிலருக்கு நாளாகும் என்றார் மருத்துவர். உடம்பு தேறி மெஸ்ஸுக்குப் போன முதல் நாள், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் அவரைக் கண்டதும் சுந்தரம்மாள் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"வாங்க சார். நீங்க இல்லாம இந்தக் கதவைத் தொறக்கவே எனக்குக் கை வரல. வீரணனை உக்கார வச்சுக் கேட்டா, எதைப் போட்டாலும் நல்லாருக்குங்காரு."

"நல்லா இருந்தா நல்லாருக்குன்னுதானம்மா சொல்ல முடியும்" என்றார் வீரணன். "குறை சொல்ல எனக்குச் சம்பளமா குடுக்கீய?"

அடுப்படி வாசலில் மாரீஸ்வரி நின்றிருந்தாள். தளவாய்புரத்திலிருந்து நாள்தோறும் முதல் பேருந்தில் வந்து அந்த மெஸ்ஸுக்குச் சமைப்பவள் அவள்தான். முந்தானையில் கையைத் துடைத்தபடி, வழக்கம்போல எபனேசரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சாம்பார் சோற்றை ஒரு வாய் உண்டார். பஞ்சை மெல்வது போல இருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். "நல்லாருக்கு" என்றார். கதவு திறந்தது. ஒருநாள் சொன்ன பொய்க்கு மறுநாளும் சோறு போட வேண்டியதாயிற்று.

விந்தை என்னவென்றால், ருசி போன பிறகுதான் அவர் சாப்பாட்டைக் கவனிக்கத் தொடங்கினார். அதுவரை நாக்கு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் பேசிவிடும். மற்றப் புலன்கள் வாய் திறக்க இடம் இராது. இப்போது நாக்கு மௌனமானதும் அவை ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. சோற்றின் சூடு விரல் நுனியில் ஏறி மணிக்கட்டுக்கு வருவதை அவர் உணர்ந்தார். அப்பளம் நொறுங்கும் ஓசை இரண்டு காதுகளுக்குள்ளும் தனித்தனியாகக் கேட்பதை அறிந்தார். அதைவிட, வீரணனைப் பார்த்தார். எத்தனை காலமாகப் பரிமாறுகிறார் அந்த மனிதர், இப்போதுதான் கண்ணில் படுகிறார். கரண்டியை இலைக்கு மிக அருகே தாழ்த்தி, குழம்பு தெறிக்காமல் வார்க்கிறார். போதும் என்று கை காட்டுவதற்கு முன்னாலேயே, தோள் சற்றுப் பின்வாங்குவதைக் கண்டு நிறுத்திவிடுகிறார். ரசத்துக்குச் சோறு போடும்போது நடுவில் ஒரு குழி செய்து தருகிறார். வெளியூரிலிருந்து தனியாக வந்து தயங்கிச் சாப்பிடுகிறவர் பக்கத்தில் சும்மாவேனும் நின்று, "மழை எம்புட்டு உங்க ஊர்ல?" என்று கேட்கிறார். அந்த ஆள் அதற்குப் பிறகுதான் இரண்டாம் முறை சோறு வாங்குகிறார். இதெல்லாம் சேர்ந்துதான் இவ்வளவு காலமும் ருசி என்ற பெயரில் தம் வாய்க்குள் போயிருக்கிறது என்று எபனேசருக்குத் தோன்றியது. சில நாள் நன்றி மேலிடும். அப்போது "நல்லாருக்கு" என்று சொல்வது பொய்யாகவே தோன்றாது.

காது கேளாமற்போன காவல்நாய் ஒன்று இருந்ததாம். அதன் எசமானன் விழித்தெழுந்து தடியை எடுக்கும்போதெல்லாம், அவன் முகத்தைப் பார்த்து அதுவும் குரைக்குமாம். என்ன கூர்மையான காது என்று எசமானனும் மெச்சிக்கொள்வானாம். எசமானன் அயர்ந்து தூங்கிய நாளில்தான் திருடன் வந்தான். எபனேசரும் அப்படித்தான் காலம் தள்ளினார். சாம்பாரின் நிறத்தைப் பார்த்தும், மாரீஸ்வரியின் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்தும் சொன்னார். அவள் கை நல்ல கையாக இருந்ததால் அவர் சொல்லும் பிழைபடாமல் நின்றது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் மெஸ் கிடையாது. ஆனால் அன்று திருவில்லிபுத்தூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்திருந்தது. மலைச்சாமி என்ற பெரிய விவசாயி. மகள் பாண்டீஸ்வரியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆலயத்தில் முதல் ஆராதனை முடிந்ததும், வெள்ளைச் சட்டையும் வேதப்புத்தகமுமாக எபனேசர் நேரே மெஸ்ஸுக்கு வந்தார். வாசலில் வேன் நின்றது. சாம்பார், ரசம், அவியல், புடலங்காய்க் கூட்டு, பாயசம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அவர் இலையில் விழுந்தது. கூட்டு கண்ணுக்கு அழகாக இருந்தது. வெள்ளையும் பச்சையுமாக, தேங்காய் மினுங்க. இரண்டு வாய் உண்டார்.

"எப்படி இருக்கு சார்? மாப்பிள்ளை வீட்டுக்காரவிய முதல் சாப்பாடு இது" என்றார் சுந்தரம்மாள்.

"எல்லாம் நல்லாருக்கு. தாராளமா அனுப்புங்க."

பாத்திரங்கள் வேனில் ஏறின. வீரணனும் மாரீஸ்வரியும் கூடவே போனார்கள். புடலங்காயில் எப்போதாவது ஒரு காய் பேய்க்கசப்பாக அமைந்துவிடும். நறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. வேகும்போது மூக்குக்கும் தெரியாது. ஒரே ஒரு காய் போதும், அண்டா முழுவதையும் கெடுத்துவிட. நாக்கு ஒன்றுதான் அதைக் கண்டுபிடிக்கும். அன்று மெஸ்ஸில் ருசி பார்த்த நாக்கு, எபனேசருடையது மட்டுமே.

மறுநாள் இலையில் விழுந்த சோறு கட்டி கட்டியாக இருந்தது. விரல் உடனே அறிந்துகொண்டது. அடுப்படி வாசலில் யாரோ புது ஆள் நின்றான்.

"மாரீஸ்வரி வரலையா?"

வீரணன் பொரியலை வைத்துவிட்டுப் போனார். சுந்தரம்மாள் கல்லாவிலிருந்தே சொன்னார்: "அவளை நிறுத்தியாச்சு சார். நேத்து அந்த வீட்டுல மானம் போச்சு. கூட்டு கசந்து கிடந்திருக்கு. மாப்பிள்ளையோட மாமா ஒரு வாய் வச்சவரு, இலையிலேயே துப்பிட்டாராம். முத சாப்பாடே இப்படிக் கசக்கேன்னு ஒரு சொல்லு விட்டுட்டு எந்திரிச்சுட்டாக. சம்பந்தமும் பொறவு சொல்லுதோம்னு நிக்கி. மலைச்சாமி இவளைப் பந்தியில நிறுத்தி, அம்புட்டுப் பேரு முன்னாடி வச்சுக் கேட்டிருக்காரு, கையில எதை எடுத்துப் போட்டன்னு."

"மிச்சக் கூட்டை மாட்டுத் தொட்டியில ஊத்துனாக" என்றார் வீரணன் மெதுவாக. "மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிருச்சு."

எபனேசரின் கை இலையிலேயே நின்றது. "காயே கசப்பா இருந்திருக்கலாமே."

"அதெப்படி சார்? நீங்கதான் தின்னு பாத்து நல்லாருக்குன்னீங்களே. இங்க நல்லா இருந்தது அங்க போயிக் கசந்தா, நடுவுல இவதான் என்னமோ செஞ்சிருக்கணும். பத்தாதுன்னு பயந்து, பழைய காயை வதக்கிக் கலந்திருப்பா. நான் ஒண்ணும் போடலைன்னு அழுதா. அழுதா ஆச்சா? உங்க சொல்லு இல்லேன்னா ஒருவேளை நானும் அவளை நம்பியிருப்பேன்." சுந்தரம்மாள் சற்று நிறுத்தி, வழக்கமான குரலில் கேட்டார்: "இன்னைக்கு எப்படி இருக்கு சார்?"

"நல்லாருக்கு" என்றது அவர் வாய். சொன்ன பிறகுதான் அவர் அதைக் கேட்டார்.

அன்று மாலை முழுவதும் அவருக்கு அந்த ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தாம் பேசாமல் இருந்திருந்தால் அது வெறும் கெட்ட காய், யாருடைய குற்றமுமில்லை. தாம் தேறியது என்று சொன்னதால் அதற்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டாள். ஆலையில் சோதிக்காத சரக்குக்குத் தேர்ச்சி சொன்னால் என்றோ ஓரிடத்தில் கூரை இறங்கும் என்று இளையவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கூரை இறங்கிவிட்டது. இறங்கிய இடம் தளவாய்புரத்தில் ஒரு வீடு. கெட்ட காயைக் கலந்தவள் என்று பெயர் விழுந்த சமையல்காரியை, இராசபாளையத்தில் இனி எந்த அடுப்படியும் சேர்க்காது.

கிருபாபாய் தொலைபேசியில் அழைத்தபோது அவரால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"வாய் செத்துப்போச்சுன்னு சொல்ல உங்களுக்கு ஒரு வாய் இல்லையாங்க? எங்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா நீ புள்ளையப் போட்டுட்டு ஓடி வந்திருவ."

"நான் ஒண்ணும் வந்திருக்க மாட்டேன். இங்க மக கையால சாப்பிடுறது எனக்கு நல்லாத்தான் இருக்கு." அவரையறியாமல் எபனேசர் சிரித்துவிட்டார். கிருபாபாய் சிரிக்கவில்லை. "ருசி போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க, பாவம். ஆனா போகலைன்னு சொன்னது நீங்கதானே. அந்தப் பிள்ளை இப்ப எப்படி உக்காந்திருக்காளோ. ஜெபம் பண்ணிட்டுப் படுங்க. காலையில எந்திரிச்சுப் போங்க. ஜெபம் பண்ணியாச்சேன்னு வீட்டுலயே கிடக்காதீங்க."

காலையில் அவர் வழக்கத்துக்கு மிக முன்பாகவே மெஸ்ஸுக்குப் போய்விட்டார். வீரணன் அவசர அவசரமாக இலையை எடுத்தார். எபனேசர் உட்காரவில்லை. கல்லாவின் முன்னே, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல நின்றுகொண்டு, காய்ச்சலில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சொன்னார். குரலைத் தாழ்த்தவில்லை, அடுப்படிக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார்.

சுந்தரம்மாள் கல்லாப்பெட்டியை இழுத்து மூடினார். பிறகு, "உங்க சொல்லைச் சாமி சொல்லா வச்சுல்ல அவளைத் தெருவுல விட்டேன்" என்றார்.

"தெரியும்மா. அதுக்குத்தான் வந்தேன். நான் அவளைப் போய்ப் பாக்கேன். வந்தா சேத்துக்கிடுவீங்களா?"

"சேத்துக்கிட நான் யாரு இனி? வரணுமே அவ." அவர் எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். சற்றுத் தயங்கினார். மாமனார் படத்தைப் பார்த்தாரா, சும்மா சுவரைப் பார்த்தாரா தெரியாது; கரண்டியில் சாம்பாரை மொண்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்தார். அந்த அடுப்படியில் அப்படி ஒரு காரியம் அதற்கு முன்பு நடந்ததில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் வீரணன்.

"உப்பே இல்ல."

"அப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே."

"குறை சொல்ல எனக்கு..." என்று தொடங்கிய வீரணன், எபனேசரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உப்பு ஜாடியை எடுத்துக் கொடுத்தார்.

தளவாய்புரத்தில் இறங்கினால் எந்தத் தெருவிலும் தையல் இயந்திரத்தின் ஓசைதான். மாரீஸ்வரி தன் பக்கத்து வீட்டு முன்னறையில், தைத்துக் குவித்த நைட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். ஒரு துணிமூட்டையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அவர் சொல்லச் சொல்ல, கத்தரியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கத்தரி நின்றது.

"அப்ப, காய்ச்சலுக்குப் பொறவு நான் சமைச்சது எதுவுமே உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாதும்மா."

"அன்னைக்கு வத்தக்குழம்பு வச்சேனே. இன்னைக்கு ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னீகளே."

"உன் மொகத்தைப் பாத்துச் சொன்னேன்."

அவள் மடியில் கிடந்த நைட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அந்த அடுப்படியில நாங்க யாரும் வாயில வச்சுப் பாக்க முடியாதுல்ல சார். நீங்க சொல்லுத அந்த ஒத்தச் சொல்லுதான் எனக்கு. அதைக் கேட்டுட்டுத்தான் சாயந்தரம் பஸ் ஏறுவேன்."

எபனேசர் தலைகுனிந்தார். தாம் செய்த தவறு ஒன்று என்று எண்ணி வந்தவர், அது இன்னும் பின்னாலிருந்து தொடங்குகிறது என்பதை அங்கே கண்டார்.

"என்னை மன்னிச்சிரும்மா. சுந்தரம்மா உன்னை வரச் சொல்லுதாக."

"போவேன், போகாமயா? ஆனா எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது? என்னைய நிக்க வச்சது அந்த வீட்டுல. எம்மேல விழுந்த பேச்சு அங்கதான் கிடக்கு. அதை அங்க போயிக் கூட்டிப் பெருக்குங்க."

"இப்பவே போவோம். வாரியா?"

அவள் நூல் பிசிறுகளை உதறிவிட்டு எழுந்தாள்.

இருவரும் பேருந்து ஏறினார்கள். இராசபாளையத்தில் மாறி, திருவில்லிபுத்தூரில் இறங்கி, வயல்களை ஒட்டிய தெருவில் மலைச்சாமியின் வீட்டை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மலைச்சாமி முற்றத்தில் பம்புசெட் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாரீஸ்வரியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். எபனேசர் மட்டும் உள்ளே போய், மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

மலைச்சாமி திருப்புளியைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்க பெரியவுக. நல்ல மனசு. அந்தப் பொம்பளை அழுதிருப்பா, எரக்கப்பட்டு வந்து பழியைத் தலையில போட்டுக்கிடுதீய. நாக்குச் செத்த மனுசன் தினம் ஓட்டல்ல போய் ருசி சொன்னாருன்னா நான் நம்பணுமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல இதைச் சொன்னா, அவுக சிரிக்க மாட்டாகளா?"

"நெசந்தாங்க."

"என்னத்தைக் கொண்டு நெசம்?"

வாழ்நாளெல்லாம் சோதித்தே பேசிய எபனேசர், தம்மைச் சோதித்துக் காட்ட வழியில்லாமல் நின்றார். அப்போது உள்ளேயிருந்து மலைச்சாமியின் மனைவி வேலுத்தாய் வந்தாள். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். பின்கட்டில் நிலவேம்புக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பியபடி கதவோரம் பாண்டீஸ்வரி போர்வையோடு நின்றிருந்தாள். எபனேசருக்கு அங்கே எந்த வாடையும் இல்லை.

"ஏங்க, அவரை என்னத்துக்கு நிக்க வச்சுப் பேசுதீய?" என்றாள் வேலுத்தாய். பிறகு, ஏதோ தோன்றியவளாக உள்ளே போய், ஒரு டம்ளர் நிறையக் கஷாயத்தை ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். "குடிங்கய்யா. இதைக் குடிச்சா எம்மக ரெண்டு நாளா ஓடி ஒளியுதா. இதுக்கு மேல ஒரு கசப்பு இந்த வீட்டுல இல்ல."

அவர் டம்ளரை வாங்கினார். கருப்பாக இருந்தது, ஆவி அவருடைய மூக்குக்கண்ணாடியில் படிந்தது. சூடு அதிகம் என்பதால் ஒரேயடியாகக் குடிக்க முடியவில்லை. காப்பி குடிப்பவரைப் போல ஊதி ஊதி, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். குடிக்கக் குடிக்க முற்றத்தில் இருந்தவர்களின் முகங்கள் மாறின. வேலுத்தாய் தன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாண்டீஸ்வரி போர்வையால் வாயை மூடிக்கொண்டு, "எம்மா, பாக்கவே எனக்குக் குமட்டுது" என்றாள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எபனேசர் அதன் கசப்பை அறிந்துகொண்டார். தம் முகத்தில் ஒரு சுளிப்பும் வரவில்லையே என்று அவருக்கு முதலில் நாணமாக இருந்தது. பிறகு, முகம் பொய் சொல்லாமல் இருப்பது இவ்வளவு இலகுவா என்று இருந்தது. அடியில் தங்கிய வண்டலையும் சுழற்றிக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

மலைச்சாமி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே வாசல் வரை போனார்.

"ஏம்மா, வெளியில நிக்க. உள்ள வா" என்றார். அவள் வந்தாள். "அன்னைக்கு நான் பேசினது..." என்று தொடங்கி, முடிக்காமல், சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "ஐயா, மாப்பிள்ளையோட மாமாவைக் கூப்பிடுதேன். எங்கிட்டச் சொன்னதை அவருகிட்டயும் சொல்லுவீகளா?"

"சொல்லுதேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்லுதேன்."

மலைச்சாமி எண்ணைத் தேடிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நகர்ந்தார். வேலுத்தாய் கொண்டுவந்து வைத்திருந்த தட்டில், கஷாயம் குடிக்கிற பிள்ளைக்கென்று நொறுக்கிய கருப்பட்டித் துண்டுகள் இருந்தன. மாரீஸ்வரி குனிந்து அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எபனேசரின் பக்கம் நீட்டினாள்.

"வாயில போடுங்க சார்."

"எனக்குத்தான் தெரியாதேம்மா."

"தெரியாட்டிப் போகுது. அம்புட்டையும் குடிச்சிருக்கீக. கசப்புக்குப் பொறவு இது குடுக்கதுதான்."

அவர் இரண்டு கைகளையும் சேர்த்து அதை வாங்கிக்கொண்டார். மரத்தடியில் மலைச்சாமி கைப்பேசியில், "மாமா, செத்த நேரம் பேசலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எபனேசர் கருப்பட்டியை நாக்கின் நடுவில் வைத்தார். முதலில் கரகரவென்று இருந்தது. பிறகு ஓரங்கள் மழுங்கி, மெல்ல மெல்ல வழுவழுப்பாகி, வாயின் சூட்டில் சிறுத்துக்கொண்டே வந்தது.